பீரோவுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

"பத்து நிமிஷத்துல வந்துருவேம்மா" என்று இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஃபோனில் சொன்னதிலிருந்து அம்சவேணி வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தாள். கட்டிலில் மாசிலாமணி கண்ணை மூடிப் படுத்திருந்தார். தூங்கினால் நல்லது. தூங்காவிட்டாலும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். கட்டின புருஷன் வாயைத் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்கிறோமே என்று ஒரு நொடி கூசியது. அடுத்த நொடி கை தானாகப் போய் டிவி சத்தத்தைக் கூட்டியது. சுவரில் உயரத்தில் மாட்டியிருந்ததால் தப்பித்த டிவி. வங்கக் கடலில் இன்னொரு காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்று ஒரு பெண், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு, சொல்லிக்கொண்டிருந்தாள். வரும் என்கிறாள், எங்கே என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறாள். சர்வேயர் உள்ளே வந்ததும் முதலில் எதைப் பார்ப்பார், தரையையா சுவரையா. தரை பளிச்சென்று இருந்தது. சுவர் அதைவிடப் பளிச்சென்று இருந்தது, இளம்பச்சை, புதுப் பெயிண்ட். அதுதான் பிரச்சினை. போன மாசம் இந்த வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் சாக்கடைத் தண்ணீர் நின்றது என்று யாரிடமாவது சொன்னால் அவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், பிறகு அவளைப் பார்ப்பார்கள். மூக்கு மட்டும்தான் சாட்சி. பெயிண்ட் வாசனைக்கு அடியில் பிளீச்சிங் பவுடர், அதற்கும் அடியில் அந்த இன்னொன்று, கழுவக் கழுவப் போகாதது. ஆனால் வாசனையை ஃபோட்டோ எடுத்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்ப முடியாது.

யார் கழுவச் சொன்னது என்று சர்வேயர் கேட்டால்? ஊரே சொன்னது. தண்ணீர் வடிந்த மறுநாளே பூஞ்சோலை நகர் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வரதராஜுலு மைக் வைத்த ஆட்டோவில் வந்துவிட்டார். சங்கம் லாரிக்கு ஏற்பாடு செய்திருக்கிறது, நனைந்த சாமான்களை வாசலில் வையுங்கள். சங்கம் பெயிண்டரைப் பேசியிருக்கிறது, எல்லா வீட்டுக்கும் ஒரே கூலி. கார்த்திகை தீபத்துக்குள் தெரு பழையபடி ஆகிவிட வேண்டும். அதுதான் இந்த நகரின் வழக்கம். தண்ணீர் போன பிறகு சுவரில் காப்பி நிறத்தில் ஒரு கோடு நிற்கும்; வெளியாள் கண்ணில் படும் முன் அதை மூடிவிட வேண்டும். மனை பார்க்கக் காரில் வருகிறவன் அந்தக் கோட்டைப் பார்த்தான் என்றால் தெருவுக்கே விலை போச்சு. ஃபோட்டோ எடுக்கக் கூடாது, எடுத்தவர்கள் அழித்துவிட வேண்டும். "நம்ம வீட்டு நாத்தத்தை நாமளே ஊருக்குக் காட்டுவோமா?" என்று வரதராஜுலு மைக்கில் கேட்டார், தெரு முழுக்க எதிரொலித்தது. அவளும் ஃபிரிட்ஜை வாசலில் வைத்தாள், மெத்தையை, வாஷிங் மெஷினை, ஊறி உப்பின பலகை அலமாரியை. லாரி அள்ளிக்கொண்டு போனது. ஃபிரிட்ஜ் இருந்த இடத்தில் டைல்ஸ் மட்டும் இன்னும் வெளுப்பாக, சதுரமாக, யாரோ எழுந்து போன பாய் மாதிரி. இன்ஷூரன்ஸ் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு ஞாபகம் வந்தது தீபத்தன்றைக்குத்தான். விளக்கு வைக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோடே இல்லாத வீட்டில் இத்தனை விளக்கு.

மாசிலாமணிக்கு நினைவிருந்திருந்தால் ஞாபகப்படுத்தியிருப்பார். இல்லை, அவருக்கு நினைவு இருக்கிறது, பேச்சுதான் இல்லை, டாக்டர் அப்படித்தான் சொன்னார், எல்லாம் உள்ளே இருக்கிறது, கதவுதான் ஒட்டிக்கொண்டுவிட்டது. டயர் கம்பெனியில் கணக்குப் பார்த்த மனுஷன், தேவைக்கு மேல் ஒரு சொல் பேசியதில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்து வெள்ளத்தின்போது அவர்தான் சங்கச் செயலாளர். பிள்ளையார் கோயில் மண்டபத்தில் கூட்டம், எல்லோர் காலிலும் சேற்றுப்புண், ஆளுக்கொன்று கத்தினார்கள். வீடு விற்க வேண்டியவர்கள் இருந்தார்கள், வாடகைக்கு விட வேண்டியவர்கள் இருந்தார்கள். தண்ணீரே வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். மாசிலாமணி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "வரவே இல்லைன்னா எவனும் நம்ப மாட்டான். கொஞ்சம் வந்ததுன்னு சொல்லணும். வாசப்படியோட நின்னுடுச்சு. அவ்வளவுதான். எல்லாரும் ஒரே மாதிரி சொல்லணும்." கை தட்டினார்கள். அவளும் தட்டினாள், பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து. அன்றிலிருந்து அந்த வாக்கியம் தெருவுக்குப் பொதுச்சொத்து. கேட்டைத் திறந்துகொண்டு யார் வந்து "சார், இங்க தண்ணி வருமா?" என்றாலும் அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சொல்வார். வாசப்படியோட நின்னுடுச்சு. அதைச் சொல்லும்போது குரலில் ஒரு நிதானம் வரும், நம்பித்தான் ஆக வேண்டும். மூலை வீட்டு நாசர் நம்பினார், வாங்கினார். இத்தனைக்கும் அப்போதே வாசற்படி என்று ஒன்று பாதிதான் இருந்தது. வீடு கட்டும்போது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வர வேண்டும். ரோடு போட்டார்கள், பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டார்கள், பிறகு இன்னொரு தரம், ஒவ்வொரு தரமும் ஒரு படி ரோட்டுக்குள் போனது. இப்போது வருகிறவர்கள் இறங்கி வருகிறார்கள். ஏரியின் உபரித் தண்ணீர் போன வாய்க்கால் மேல் கல்யாண மண்டபம் நிற்கிறது. வாய்க்காலுக்கு அது தெரியாது, அது பழைய வழியிலேயே வருகிறது, மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு நேராக இந்தத் தெருவுக்குள் இறங்குகிறது. இதெல்லாம் அவருக்குத் தெரியும். படம் போட்டுக் காட்டுவார், பேப்பர் ஓரத்தில், பேனாவால். காட்டிவிட்டுக் கிழித்துப் போடுவார்.

அப்புறம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு சரிந்தார். வலது பக்கம் போய்விட்டது, பேச்சு போய்விட்டது. மிஞ்சியது கொஞ்சம். "வேணி." "வேணாம்." "ஐயய்யோ." அப்புறம் முழுசாக, ஒரு எழுத்துக் குறையாமல், அந்த ஒரு வாக்கியம். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண் காப்பியை ஆற்றிக்கொண்டே விளக்கினாள்: "அடிக்கடி சொல்லித் தடம் விழுந்தது மட்டும் நிக்கும் ஆண்ட்டி. சில பேருக்குச் சாமி பாட்டு நிக்கும். சில பேருக்குக் கெட்ட வார்த்தை. போன வாரம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், வாயைத் திறந்தா கெட்ட வார்த்தைதான், பாவம், அழுதுக்கிட்டே திட்டறாரு. உங்களுக்குப் பரவாயில்லை." பரவாயில்லைதான். பசித்தாலும் அதையே சொல்வார், முதுகு வலித்தாலும் அதையே சொல்வார், குரலை வைத்துத்தான் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அவளுக்குப் பழகிவிட்டது. பழகியது எவ்வளவு என்றால், போன வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு பெண் ஃபோனில் பேசி, கட்டடத்துக்கும் உள்ளே இருக்கிற சாமானுக்கும் சேர்த்துப் பாலிசி எடுத்துக்கொள்ளச் சொல்லி, கடைசியில் தேன் மாதிரிக் குரலில் கேட்டாளே, "இதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்குள்ள வெள்ளத் தண்ணி வந்திருக்கா மேடம்? இந்தக் கால் பதிவு செய்யப்படுது" என்று, அப்போது யோசிக்காமல் அவள் வாயிலும் அதுதான் வந்தது. வாசப்படியோட நின்னுடுச்சும்மா. பொய் சொன்ன மாதிரியே இல்லை. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்கிற மாதிரி. எங்கேயோ ஒரு கம்ப்யூட்டரில் அவள் குரல் இருக்கிறது.

போன மாசம் தண்ணீர் வந்தபோது மத்தியானம். சோறு வடித்துக்கொண்டிருந்தாள். முதலில் குளியலறை ஓட்டையிலிருந்து குமிழி விட்டது, அப்புறம் வாசல், அப்புறம் எல்லாப் பக்கமும், சத்தமே இல்லாமல், யாரோ தரையை மெதுவாகத் தூக்குகிற மாதிரி. அவரைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இடுப்பைப் பிடித்தால் தலை தொங்கியது, தலையைப் பிடித்தால் கால் சரிந்தது. கட்டிலின் மேல் ஏறி உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். ஃபோட்டோ எடுத்தீங்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கையில் ஃபோன் இல்லை, அவர் தலை இருந்தது. தண்ணீர் கட்டில் சட்டத்தின் அடிப்பக்கத்தைத் தொட்டது. மெத்தை கீழிருந்து குளிர ஆரம்பித்தது. செருப்பு ஒன்று மிதந்து வந்து கட்டில் காலில் முட்டி முட்டி நின்றது. அவர் அவளைப் பார்த்து, தைரியம் சொல்கிற குரலில், வாசப்படியோட நின்னுடுச்சு என்றார். மறுபடி சொன்னார். அவள் அவர் வாயைப் பொத்தினாள். பொத்தின கையை எடுக்க மறந்துவிட்டாள், அவர் மூக்குக் காற்று சூடாகப் பட்டபோதுதான் எடுத்தாள். அதை நினைக்கக் கூடாது. நாசரும் அவர் மனைவி சபீனாவும்தான் வந்தார்கள், இடுப்பளவு தெருத் தண்ணீரில், பிளாஸ்டிக் நாற்காலியோடு. நாற்காலியில் கட்டி, தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் மாடியில் இறக்கினார்கள். மூச்சு வாங்க நின்ற நாசர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல், "வாசப்படியோட நிக்கலை சார்" என்றார். சபீனா "சும்மா இருங்க, பெரிய மனுஷரு" என்று அதட்டினாள். மாசிலாமணிக்குப் புரிந்தது. கண் ஓரத்தில் தண்ணீர் வழிந்தது. மழைத் தண்ணீராகவும் இருக்கலாம்.

இந்த இன்ஷூரன்ஸ் பணம் வந்தால் இந்த ஓர் அறையை மட்டுமாவது மண் கொட்டி உயர்த்திவிடலாம். மேஸ்திரி பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். "கூரை தலையில இடிக்குமேம்மா" என்றார். நிற்கிற ஆளுக்குத்தானே இடிக்கும் என்று சொன்னாள், அவர் வேறு பக்கம் பார்த்தார். மாடி வீட்டுக்கு வாடகைக்குப் போகலாம் என்றால் படுக்கையில் கிடக்கிற ஆளுக்கு யாரும் வீடு தருவதில்லை. இதை விற்கலாம் என்றால் வாங்க வருகிறவனிடம் அதே வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். எல்லாம் சுற்றிச் சுற்றி அந்தப் பீரோவிடம் வந்து நின்றது. கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில், அவள் கல்யாணத்துக்கு வந்த இரும்பு பீரோ. கால்கள் துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிக்கொண்டதால் பதினைந்திலும் பெயிண்டர் அதை நகர்த்தவில்லை, இந்தத் தடவையும் நகர்த்தவில்லை, சுற்றி மட்டும் அடித்துவிட்டுப் போனார். தீபத்தன்றைக்கு ராத்திரி சுவரில் கன்னத்தை ஒட்டி, இடுக்கில் டார்ச் அடித்துப் பார்த்தாள். கோடு இருந்தது. நல்ல கோடு, கட்டில் சட்ட உயரத்தில், காப்பி நிறத்தில். சாமி கும்பிடலாம் போல இருந்தது. டார்ச்சை மேலே நகர்த்தினாள். அங்கே இன்னொன்று இருந்தது, பழுப்பாக, பழையதாக. ஒன்றைக் காட்டினால் இரண்டையும் காட்ட வேண்டும். இரண்டையும் காட்டினால் அந்தத் தேன்குரல் பெண்ணிடம் சொன்னது பொய் என்று ஆகும், பாலிசியே செல்லாது என்று வீட்டுக்குக் கடிதம் வரும். காட்டாவிட்டால் வீடு சுத்தமாக இருக்கிறது. பீரோவைப் பற்றிப் பேசவே கூடாது. வாயால் சொல்லிப் பார்ப்போம். முழங்காலுக்கு மேல சார். முழங்காலுக்கு மேல.

கேட் சத்தம். சர்வேயர் நந்தகோபால் எதிர்பார்த்ததைவிடச் சின்ன வயசு, ஹெல்மெட்டைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் தூக்கிவிட்டுக்கொண்டு இறங்கி வந்தார். "பள்ளமா இருக்கேம்மா வீடு" என்றார். "ரோடு உயர்ந்துடுச்சுங்க" என்றாள். அவர் எல்லாச் சுவரையும் பார்த்தார். ஒரு சுவரைத் தட்டிப் பார்த்தார். ஃபிரிட்ஜ் இருந்த சதுரத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"தண்ணி எவ்வளவும்மா வந்துச்சு?"

"முழங்காலுக்கு மேலங்க."

"கோடு ஒண்ணும் காணோமே."

"கழுவிட்டோம். சங்கத்துல பெயிண்டும் அடிச்சுட்டாங்க."

"அதாம்மா சிக்கல். வர்ற வழியில ரெண்டு வீட்ல கேட்டேன், உங்க செயலாளரையும் பார்த்தேன். இந்தத் தெருவுல யார் வீட்டுக்குள்ளயும் தண்ணி வரலைன்னு சத்தியம் பண்றாரு. டீ வேற வாங்கிக் குடுத்தாரு." அவர் கேலியாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னார். "எனக்கு ஒரு உயரம் வேணும்மா. ஒரு கோடு, ஒரு ஃபோட்டோ. அது இல்லாம நான் என்ன எழுதினாலும் மேல திருப்பி அனுப்பிடுவாங்க. படுக்கை அறை ஒண்ணு பார்த்துடட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அவர் தூங்குறாரு என்று சொன்னாள், அதற்குள் நந்தகோபால் உள்ளே போயிருந்தார். மாசிலாமணி தூங்கவில்லை. கண்ணைத் திறந்து வந்தவரைப் பார்த்தார், ஹெல்மெட், கையில் ஃபோன், தோளில் பை, வீடு பார்க்க வருகிறவர்கள் இப்படித்தான் வருவார்கள். அவர் முகத்தில் அந்தப் பழைய நிதானம் வந்து உட்காருவதை அம்சவேணி பார்த்தாள். பேப்பரை மடித்து வைக்கிற மாதிரி இடது கை அசைந்தது. "வாசப்படியோட நின்னுடுச்சு" என்றார், தெளிவாக.

நந்தகோபால் அவளைத் திரும்பிப் பார்த்தார். "சாரே சொல்றாரேம்மா."

"அவருக்கு ஸ்ட்ரோக் வந்ததுங்க. வேற பேச்சு வராது. எதுக்கு எடுத்தாலும் அதைத்தான் சொல்வாரு. பசிச்சாலும் அதுதான்." சொல்லச் சொல்லத் தனக்கே அது கட்டின கதை மாதிரிக் கேட்டது. யார் நம்புவார்கள்? உலகத்தில் இத்தனை வாக்கியம் இருக்க இந்த ஒன்றுதானா மிஞ்சும்? நந்தகோபால் பேனாவை மூடிவிட்டார். மூடுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொடும்போது சத்தம் வரவில்லை, இது கேட்டது. அடுத்த தாழ்வு வருகிறது என்று அந்தப் பெண் கூடத்து டிவியில் இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். "அந்தப் பீரோவுக்குப் பின்னாடி" என்று அம்சவேணி சொன்னாள். "அங்க பெயிண்ட் அடிக்கலை."

இரண்டு பேரும் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். முதல் தடவை அசையவில்லை. "உள்ள என்னம்மா வெச்சிருக்கீங்க, அம்மிக்கல்லா?" என்றார் நந்தகோபால். பட்டுப்புடவை இரண்டு, அவருடைய சட்டைகள், ஸ்கேன் படங்கள். இரண்டாம் தடவை துரு உடைந்து, தரையைக் கீறிக்கொண்டு, பீரோ விலகியது. ஜன்னல் வெளிச்சம் நேராகச் சுவரில் விழுந்தது. சிலந்தி வலை, பழைய மஞ்சள் பெயிண்ட், அப்புறம் இரண்டு கோடுகள்.

"அட, இருக்கே!" அவர் சந்தோஷப்பட்டார், அவளுக்காக. குனிந்து அளவு டேப்பின் நுனியைத் தரையில் வைத்து மேலே இழுத்தார். டேப் கீழ்க்கோட்டுக்கு வந்தது. நிற்கும் என்று நினைத்தாள். நிற்காமல் தாண்டி மேலே போயிற்று. "தண்ணி வடியறப்ப நடுவுல ஒரு நாள் நின்னா இப்படி ரெண்டாவதா ஒண்ணு விழும்மா. மேல இருக்கறதுதான் உச்சம். அதையே போட்டுக்கலாமில்ல?" முகத்தைத் திருப்பாமல், ஒரு கையில் டேப்பும் ஒரு கையில் ஃபோனுமாக, அவள் பதிலுக்காக நின்றார். தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா. முதுகை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆமா என்றால் போதும். தலையை ஆட்டினால் போதும். தேன்குரல் பெண்ணிடம் சொன்னதும் பொய்யாகாது, பழைய வெள்ளம் என்று ஒன்று வரவே இல்லை என்று ஆகிவிடும், அறை உயரும், மண் வரும், மேஸ்திரி வருவார். ஆமாங்க என்று சொல்ல வாயெடுத்தாள். கண் சுவரில் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் இடுக்கு வழியாகப் பார்த்தபோது அது வெறும் கோடு. இப்போது பீரோ இல்லாததால் அது நிற்க மாட்டேன் என்றது, பச்சைப் பெயிண்டுக்குள் புகுந்து தொடர்ந்து போயிற்று, ஜன்னல் கட்டைக்கு மேலாக, கட்டிலின் தலைமாட்டுக்கு மேலாக, தலையணைக்கு மேலாக. மாசிலாமணியின் மூக்குக்கு மேல் ஒரு முழம் இடம் இருந்தது, அந்த ஒரு முழமும் கோட்டுக்குக் கீழே இருந்தது. அதற்கு அடியில் படுத்துக்கொண்டு அவர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பதினைந்தில் இருவருக்கும் கால் இருந்தது, ஓடினோம், எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து தண்ணீரை வேடிக்கை பார்த்தோம். இந்தத் தடவை கட்டில் சட்டத்தோடு போயிற்று. இது இந்த வருஷத் தண்ணீர் என்று சொன்னால், சொல்கிற வாய் இவரை ஒரு தரம் மூழ்கடித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆமா. சொல்லு.

பதில் வராமல் போகவே மாசிலாமணி, மரியாதைக்கு, விருந்தாளிக்காகத் தானே சொன்னார்: "வாசப்படியோட நின்னுடுச்சு."

"இல்லைங்க" என்றாள் அம்சவேணி, அவரைப் பார்த்து. இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்துக்கு அவள் சொன்ன முதல் பதில். "நிக்கலை. பதினஞ்சுலயும் நிக்கலை. அந்த மேல்கோடு பதினஞ்சுதான்."

நந்தகோபாலின் விரல் நழுவியது. டேப் சர்ரென்று உள்ளே ஓடிச் சுருண்டது. அவர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார், பாலிசி, கால் ரெக்கார்டிங் என்ற சொற்கள் மட்டும் காதில் விழுந்தன. அவள் கட்டிலருகே போய், தன்னுடைய தலையணையை எடுத்து, மாசிலாமணியின் தலையைத் தூக்கி அடியில் வைத்தாள். தலை கொஞ்சம் உயர்ந்தது. கோடு இன்னும் மேலேதான் இருந்தது.